நோட்டில் லாபம், கணக்கில் நஷ்டம்: வர்த்தகச் செலவை நீங்களே அளப்பது எப்படி

எட்டு மாதம் நான் கையால் எழுதிவந்த நோட்டின்படி எனக்கு 6 சதவீத லாபம். தரகு நிறுவனத்தின் கணக்கில் இருந்த பணமோ நான் போட்டதைவிட 3 சதவீதம் குறைவு. நடுவில் 9 சதவீதம் எங்கே போனது என்று தெரியவில்லை. நிறுவனம்தான் ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டி நீளமாக ஒரு புகார் எழுதினேன். பதிலாகக் கட்டணப் பட்டியலின் இணைப்பு மட்டும் வந்தது. கோபம் ஆறியதும் ஒப்பந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கட்டணமும் வரியும் சேர்ந்து 9-ல் 3 தான் வந்தது. மீதி 6-ஐப் பற்றி எந்தச் சீட்டிலும் ஒரு வரிகூட இல்லை. அது ஸ்பிரெட்டிலும் (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி) ஸ்லிப்பேஜிலும் (நினைத்த விலைக்கும் நிறைவேறிய விலைக்கும் உள்ள வித்தியாசம்) போயிருந்தது. அதிலும் பெரும்பகுதி, சந்தை தாறுமாறாக ஆடிய சில நாட்களில் போயிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கீழே உள்ள வரிசையில் செய்தால் உங்களுக்கு இரண்டு மாலைப்பொழுதும், அதன் பிறகு ஒரு 20 ஆர்டர் போடும் காலமும் போதும். பங்கு, ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்), அந்நியச் செலாவணி எதுவானாலும் முறை ஒன்றுதான். எதை வாங்கலாம் என்ற ஆலோசனை இதில் இல்லை.

1. முதலில் நான்கு ஆவணங்களைத் திரட்டுங்கள்

கட்டணப் பட்டியல், ஒப்பந்தச் சீட்டு, ஆர்டர் பதிவு, லெட்ஜர் (உங்கள் கணக்கில் பணம் வந்துபோன பதிவேடு). இந்த நான்கும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

கட்டணப் பட்டியலை நிறுவனத்தின் விளம்பரப் பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். கணக்கு திறந்தபோது நீங்கள் ஒப்புக்கொண்ட ஆவணத்தின் பின்னிணைப்பில்தான் முழுப் பட்டியல் இருக்கும். எடுத்த தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள், கட்டணம் மாறும்.

ஒப்பந்தச் சீட்டு என்பது ஒரு நாள் நடந்த வர்த்தகங்களுக்குத் தரகர் அனுப்பும் கணக்கு. கட்டணம், வரி எல்லாம் அதில் தனித்தனி வரியாக வரும். பலரும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆர்டர் பதிவுதான் கைக்குச் சிக்காத ஆவணம். வர்த்தகப் பட்டியலில் எந்த விலைக்கு முடிந்தது என்பது மட்டும் இருக்கும். ஆர்டர் பதிவில்தான் நீங்கள் எத்தனை மணி, நிமிடம், நொடிக்கு அனுப்பினீர்கள், எந்த விலை கேட்டீர்கள், எத்தனை துண்டாக நிறைவேறியது, எதை ரத்து செய்தீர்கள் என்பதெல்லாம் இருக்கும். சில தளங்களில் இது அன்றைய நாளோடு திரையிலிருந்து மறைந்துவிடும். சந்தை மூடியதும் பதிவிறக்கிவிடுங்கள். வெளிநாட்டுச் சந்தையில் வர்த்தகம் செய்தால், பதிவில் உள்ள நேரம் உங்கள் ஊர் நேரமா சந்தையின் நேரமா என்றும் பாருங்கள். இதில் ஒரு மணி நேரம் பிசகி, ஒரு வாரக் கணக்கைத் திரும்பப் போட்டிருக்கிறேன்.

லெட்ஜர் எதற்கு என்றால், ஒப்பந்தச் சீட்டில் வராத கழிவுகளைப் பிடிக்க. ஆண்டுக் கட்டணம், விலைத் தரவுச் சந்தா, இரவு வைத்திருந்ததற்கான வட்டி, பணம் எடுத்ததற்கான கட்டணம் எல்லாம் சத்தமில்லாமல் அங்கேதான் ஏறும்.

2. கண்ணுக்குத் தெரியும் செலவை சதவீதமாக மாற்றுங்கள்

ஒரு முறை வாங்கி விற்று வெளியே வர ஆகும் மொத்தக் கட்டணத்தை வர்த்தக மதிப்பால் வகுத்துச் சதவீதமாக எழுதுங்கள். வெறும் தொகையாகப் பார்த்தால் எல்லாமே சில்லறையாகத்தான் தெரியும்.

இங்கே நான்கு பொறிகள்.

குறைந்தபட்சக் கட்டணம். 'ஆர்டருக்கு வெறும் 5' என்றால் மலிவாகத் தோன்றும். 1,000 மதிப்புள்ள ஆர்டரில் அது 0.5 சதவீதம். வாங்கி விற்றால் 1 சதவீதம். சிறிய தொகையில் பழகிப் பார்க்கலாம் என்று வருபவர்கள்தான் சதவீதத்தில் அதிகம் கட்டுகிறார்கள்.

வர்த்தக வரி. இது சந்தைக்குச் சந்தை மாறும். பிரிட்டன் நிறுவனப் பங்குகளை வாங்கும்போது பொதுவாக 0.5 சதவீத முத்திரை வரி, விற்கும்போது இல்லை. இந்தியாவில் பங்குகளை டெலிவரி எடுத்தால் (அன்றே விற்காமல் கணக்கில் வைத்துக்கொண்டால்) வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீத எஸ்.டி.டி., அதாவது பங்குப் பரிவர்த்தனை வரி. இந்த வரி லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் உண்டு.

நாணய மாற்று. வேறொரு நாணயத்தில் வாங்கினால் போகும்போது ஒரு வெட்டு, வரும்போது ஒரு வெட்டு. அநேகமாக இது கட்டணம் என்ற பெயரில் வராது. சந்தை மாற்று விகிதத்தைவிடச் சற்று மோசமான விகிதமாக வரும். அன்றைய, அந்த நேரத்து விகிதத்தோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

கடன் வாங்கி வர்த்தகம் செய்வது. கட்டணம் எல்லாம் முழு வர்த்தக மதிப்பின் மேல் விழும், நீங்கள் முன்பணமாகப் போட்ட மார்ஜின் மேல் அல்ல. 20 சதவீத மார்ஜினில் நிற்கும்போது 0.3 சதவீதச் செலவு உங்கள் சொந்தப் பணத்தில் 1.5 சதவீதம். நிறுவனங்கள் இதைப் பெருக்கிக் காட்டுவதில்லை. நீங்கள்தான் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

'கட்டணமே இல்லை' என்று சொல்லும் நிறுவனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஆர்டரை யாரிடம் அனுப்புகிறார்கள், அதற்காக அவர்களிடமிருந்து பணம் வாங்குகிறார்களா என்று ஆவணத்தில் தேடுங்கள். வாங்கினால், கட்டணம் விலைக்குள் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. அதைப் பிடிக்கும் வழி அடுத்த படியில்.

3. ஸ்பிரெட்டை அளங்கள்

திரையில் எப்போதும் இரண்டு விலை இருக்கும். நீங்கள் உடனே விற்றால் கிடைக்கும் விலை 99.90, உடனே வாங்கினால் கொடுக்க வேண்டிய விலை 100.10 என்று வைத்துக்கொள்வோம். நடு விலை 100. வாங்கிய அதே நொடியில் விற்றால் 0.20 போய்விடும், அதாவது 0.2 சதவீதம். எந்தச் சீட்டிலும் இது வராது. ஆனால் தரகுக் கட்டணத்தைவிட இது பெரிதாக இருப்பது சர்வ சாதாரணம்.

இந்த இடைவெளி ஏன் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் அது எப்போது விரியும் என்பதும் தானாகப் புரியும். இரண்டு பக்கமும் விலை சொல்லிக் காத்திருப்பவர் (இன்று பெரும்பாலும் ஒரு கணினி நிரல்) உங்களிடம் வாங்கிய பங்கு அடுத்த நொடியே விழுந்துவிடலாம். அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்தும் இருக்கலாம். அந்த இரண்டு அச்சத்துக்கும் சேர்த்து அவர் வாங்கும் கூலிதான் ஸ்பிரெட். ஆட்டம் கூடினால் அச்சம் கூடும், கூலியும் கூடும். அதனால் செலவு வேறு, ஏற்ற இறக்கம் வேறு என்று பிரித்துப் பார்ப்பது பயன்படாது. என் நோட்டில் அப்படிப் பிரித்து வைத்திருந்ததுதான் என் முதல் தவறு.

செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் வர்த்தகம் செய்யும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம், நாளுக்கு ஐந்து முறை இரண்டு விலைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்: திறந்த ஐந்தாவது நிமிடம், ஒரு மணி நேரம் கழித்து, நடுப்பகுதி, மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன், மூடுவதற்கு ஐந்து நிமிடம் முன். நடு விலையால் வகுத்துச் சதவீதமாக்குங்கள். ஒரே பங்கில் காலையில் ஒரு எண்ணும் மதியம் அதில் பாதியும் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

மலிவு விலைப் பங்கு இங்கே ஒரு பெரிய பொறி. விலை நகரும் மிகச் சிறிய படியை டிக் என்பார்கள். டிக் 0.05, பங்கின் விலை 2 என்றால், ஸ்பிரெட் ஒரே ஒரு டிக்காக இருந்தாலும் 2.5 சதவீதம். விலை குறைவு, நிறைய வாங்கலாம் என்று போய் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

4. உங்கள் அளவு டெப்த்தில் எவ்வளவு தூரம் இறங்கும் என்று பாருங்கள்

முதல் வரியில் தெரியும் விலை, முதல் வரியில் இருக்கும் அளவுக்கு மட்டும்தான். மார்க்கெட் டெப்த்தை, அதாவது எந்த விலையில் எவ்வளவு அளவு காத்திருக்கிறது என்ற பட்டியலை, திறந்து பாருங்கள். விற்கக் காத்திருப்பவர்கள் 100.10-ல் 200, 100.20-ல் 300, 100.50-ல் 500 என்று இருக்கிறார்கள். நீங்கள் 1,000 வேண்டும் என்று மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு உடனே முடி என்பது) போட்டால் மூன்று வரியையும் துடைத்துக்கொண்டு போகும். சராசரி விலை 100.33. நடு விலையிலிருந்து 0.33 சதவீதம். 200 மட்டும் வாங்கியிருந்தால் 0.10 சதவீதம்தான்.

பெரிய ஆர்டர்களை ஆராய்ந்தவர்கள் பொதுவாகச் சொல்லும் ஒரு தோராய விதி உண்டு. பங்கு ஒன்றுக்கு ஆகும் விலைத் தாக்கம் ஆர்டர் அளவின் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடும், அந்தப் பங்கின் ஏற்ற இறக்கத்தோடு பெருகும். அளவை நான்கு மடங்காக்கினால் ஒவ்வொரு பங்குக்கும் செலவு இரண்டு மடங்கு, மொத்தத்தில் எட்டு மடங்கு.

அப்போது துண்டு துண்டாகப் போடலாமே என்று தோன்றும். போடலாம். ஆனால் துண்டு போடும் நேரத்தில் விலை நகரும், ஆர்டருக்கு ஆர்டர் கட்டணம் என்றால் அதுவும் பெருகும். எவ்வளவு நகரும் என்பதற்கு அடுத்த படி.

இன்னொன்று. டெப்த்தில் தெரியும் அளவு எல்லாம் அங்கேயே உட்கார்ந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். மின்னணுச் சந்தையில் ஒரு கண் சிமிட்டலுக்குள் அவை ரத்தாகலாம். 2010 மே 6 அன்று அமெரிக்காவில் சில நிமிடங்களில் டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீடு சரிந்து, அன்றைய அடிமட்டத்தில் ஏறக்குறைய 1,000 புள்ளிகள் இழந்து நின்றது. விலை சொல்லிக்கொண்டிருந்த நிரல்கள் பல ஒதுங்கிக்கொண்டன. சில பங்குகள் ஒரு சென்ட்டுக்குக் கைமாறின. முந்தைய விலையிலிருந்து 60 சதவீதத்துக்கு மேல் விலகிய வர்த்தகங்களைப் பிறகு ரத்து செய்தார்கள். 50 சதவீதம் நஷ்டத்தில் விற்றவருக்கு அந்த ரத்து பொருந்தவில்லை.

5. ஆட்டத்தை எண்ணாக மாற்றுங்கள்

ஏற்ற இறக்கத்தை ஆண்டுச் சதவீதமாகத்தான் பெரும்பாலான தளங்கள் காட்டும். உங்கள் தளம் காட்டாவிட்டால், கடைசி 20 நாள் இறுதி விலைகளிலிருந்து தினசரி மாற்றச் சதவீதங்களை எடுத்து, எக்செல்லில் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து அவை எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) கண்டால் நாளுக்கான எண் நேராகவே வந்துவிடும்.

ஆண்டு எண்ணை நாளுக்கு மாற்ற 16-ஆல் வகுங்கள். ஆண்டுக்குச் சுமார் 252 வர்த்தக நாட்கள், அதன் வர்க்கமூலம் 15.9, அவ்வளவுதான். ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் நாளுக்கு சுமார் 1.26. ஓய்வே இல்லாமல் ஓடும் கிரிப்டோ போன்றவற்றுக்கு 365-ன் வர்க்கமூலமான 19.1. அமெரிக்கப் பங்குச் சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் விக்ஸ் குறியீட்டையும் இதே கணக்கில் படிக்கலாம். 2020 மார்ச் 16 அன்று அது 82.69-ல் முடிந்தது, நாளுக்கு ஏறக்குறைய 5 சதவீத ஆட்டத்தைச் சந்தை எதிர்பார்த்தது என்று பொருள்.

நிமிடத்துக்கும் இறங்கலாம். நாளுக்கு 390 நிமிடம் ஓடும் சந்தையில் 1.26-ஐ 390-ன் வர்க்கமூலத்தால், அதாவது 19.75-ஆல், வகுத்தால் 0.064 சதவீதம். ஒரு நிமிடம் தாமதித்தால் விலை இந்த அளவு மேலோ கீழோ போயிருக்கும் என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்த எண் கையில் வந்ததும் எனக்கு ஒரு அதிர்ச்சி. வாங்கி விற்று வெளியே வர எனக்கு ஆன மொத்தச் செலவு 0.3 சதவீதம். 0.3-ஐ 0.064-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 22. அதாவது விலை சாதாரணமாக 0.3 சதவீதம் நகரவே 22 நிமிடம் வேண்டும். நானோ பத்து நிமிடத்தில் வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். திசையைச் சரியாகக் கணித்த பல வர்த்தகங்களிலும் நகர்வைவிடச் செலவு பெரிது. உங்கள் எண்களை வைத்து இதை ஒருமுறை போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

6. நேரம் தேர்ந்தெடுங்கள்

திறந்த முதல் 15 நிமிடம் வேண்டாம். இரவில் வந்த செய்திக்கெல்லாம் விலை தேடிக்கொண்டிருக்கும் நேரம் அது, ஸ்பிரெட் அகலமாக இருக்கும். மூடும் நேரத்தில் வர்த்தக அளவு அதிகம். முடிவு ஏலம் (மூடும்போது ஆர்டர்களைச் சேர்த்து ஒரே விலையில் முடிப்பது) நடத்தும் சந்தையானால் பெரிய ஆர்டருக்கு அது நல்ல இடம்.

மத்திய வங்கி வட்டி முடிவு, நிறுவனத்தின் காலாண்டு முடிவு, வேலைவாய்ப்பு எண்கள் ஆகியவற்றின் நேரத்தை வாரத் தொடக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புக்குச் சற்று முன்பே விலை சொல்பவர்கள் ஒதுங்கத் தொடங்குவார்கள். அந்நியச் செலாவணியில் நியூயார்க் நேரம் மாலை 5 மணியை ஒட்டி நாள் மாறும்போதும் ஸ்பிரெட் விரியும். நஷ்டத்தை நிறுத்த வைத்த ஸ்டாப் ஆர்டர் அந்த ஒரு நிமிடத்தில் அடித்துப் போனவர்கள் நிறையப் பேர்.

சந்தை நிறுத்தப்படும் விதியையும் படித்துவையுங்கள். அமெரிக்காவில் எஸ் அண்ட் பி 500 குறியீடு 7, 13, 20 சதவீதம் விழுந்தால் நிறுத்தம். இந்தியாவில் குறியீடு 10, 15, 20 சதவீதம் நகர்ந்தால். நிறுத்தத்தின்போது வெளியே வர முடியாது. தனிப் பங்குகளுக்கு வேறு வரம்பு. 2015 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்காவில் ஒரே நாளில் 1,200-க்கும் மேற்பட்ட தனி நிறுத்தங்கள் நடந்தன.

7. ஆர்டர் வகையைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருபவர்களுக்கு என் பரிந்துரை: லிமிட் ஆர்டர், அதாவது குறித்த விலைக்கு மேல் வாங்காத, அதற்குக் கீழே விற்காத ஆர்டர். வாங்கும் விலையைத் தாண்டி ஒரு சிறு இடம் விட்டுப் போடுங்கள். 100.10-ல் கிடைக்கிறது என்றால் 100.15-க்கு லிமிட். உடனே நிறைவேறும், ஆனால் 100.50 வரை இழுத்துச் செல்லாது.

ஸ்பிரெட்டே கொடுக்கக் கூடாது என்று 99.90-ல் போட்டுக் காத்திருப்பதும் ஒரு வழி. சில சந்தைகளில் அப்படிக் காத்திருப்பவருக்குக் கட்டணமும் குறைவு. ஆனால் அது இலவசம் என்று நினைத்து நான் மூன்று மாதம் ஏமாந்தேன். விலை ஏறினால் நம் ஆர்டர் நிறைவேறாது, விலை விழுந்தால்தான் நிறைவேறும். ஆக, நல்லது எல்லாம் கை நழுவும், கெட்டது எல்லாம் கைக்கு வரும். நிறைவேறாத ஆர்டரையும் பதிவில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

8. ஸ்டாப் லாஸைக் காப்பீடு என்று நினைக்காதீர்கள்

சாதாரண ஸ்டாப் ஆர்டர், குறித்த விலை தொட்டதும் மார்க்கெட் ஆர்டராக மாறிவிடும். அந்த விலையில் விற்கும் என்ற உறுதி எதுவும் இல்லை. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி, யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று காத்துவந்த வரம்பை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. 1.20-க்குச் சற்றுக் கீழே ஸ்டாப் வைத்திருந்த பலருக்கு ஆர்டர் எங்கோ கீழே போய் நிறைவேறியது. சிலர் போட்ட பணத்துக்கு மேலும் கடன்பட்டார்கள், சில தரகு நிறுவனங்களே விழுந்தன.

ஸ்டாப் லிமிட் (குறித்த விலை தொட்டதும் லிமிட் ஆர்டராக மாறுவது) போட்டால் விலைக்குக் காப்பு உண்டு, ஆனால் நிறைவேறாமலே போகலாம். இரண்டில் எது பரவாயில்லை என்பதை ஆட்டம் தொடங்கும் முன் முடிவு செய்யுங்கள். கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால் யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். விலையே பூஜ்யத்துக்குக் கீழே போன நாளும் உண்டு: 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஃபியூச்சர்ஸ் பேரலுக்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது.

9. 20 ஆர்டருக்குத் தாள் போடுங்கள்

எக்செல்லில் ஏழு பத்தி: தேதியும் நேரமும், முடிவெடுத்த நொடியில் நடு விலை, ஆர்டர் அளவு, நிறைவேறிய சராசரி விலை, கட்டணமும் வரியும், அன்றைய ஏற்ற இறக்கம், ஏன் அந்த நேரத்தில் போட்டேன்.

முக்கியமான பத்தி இரண்டாவது. ஆர்டர் அனுப்பிய பிறகு எழுதினால் பயனில்லை. வாங்கலாம் என்று மனதில் தோன்றிய நொடியில் இரு விலைகளின் நடுவை எழுத வேண்டும். திரையை ஒரு படம் பிடித்து வைத்தாலும் போதும். அந்த விலைக்கும் கடைசியில் கையைவிட்டுப் போன தொகைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் உண்மையான செலவு. நிதி நிறுவனங்களில் இதை இம்ப்ளிமென்டேஷன் ஷார்ட்ஃபால் என்பார்கள். வாங்கும்போது கூடுதலாகக் கொடுத்தாலும் விற்கும்போது குறைவாகப் பெற்றாலும் இரண்டையும் செலவாகவே எழுதுங்கள், குறி மாறிவிட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். தாளின் சில வரிசைகளில் செலவு மைனஸில் வரும், அதாவது நல்ல விலை கிடைத்திருக்கும். அதை அழிக்காதீர்கள்.

என் முதல் தாளில் 15 ஆர்டர் அமைதியான நேரத்தில் போட்டவை, ஒவ்வொன்றும் சராசரியாக 0.12 சதவீதம். மீதி 5 ஆர்டர் செய்தி வந்த நாட்களில், சராசரி 0.55. ஆர்டர்கள் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் கணக்கு எளிது: மொத்தச் செலவில் 60 சதவீதம் அந்த ஐந்தில். தரகு நிறுவனத்தை மாற்றினால் கட்டணத்தில் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும். அந்த ஐந்தைத் தள்ளிப்போட்டிருந்தால் அதைவிடப் பல மடங்கு.

20 ஆர்டர் என்பது சிறிய மாதிரிதான், ஆட்டத்தில் எண் தடுமாறும். சராசரியோடு நடு எண்ணையும் (செலவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) பாருங்கள். இரண்டும் வெகுதூரம் விலகி நின்றால் ஒன்றிரண்டு ஆர்டர்கள்தான் கணக்கைக் கெடுத்திருக்கின்றன, அவற்றின் ஒப்பந்தச் சீட்டை முதலில் எடுங்கள். சீட்டில் உள்ள கட்டணம் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்றால் தாமதிக்காமல் எழுத்தில் கேளுங்கள்: ஆர்டர் எண், நேரம், பட்டியலின் பக்க எண் ஆகியவற்றோடு. நான் எழுதிய முதல் புகாரில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாளைத் திரும்பப் போடுங்கள். ஆர்டர் அளவைக் கூட்டுவதாக இருந்தால் அதற்கு முன்னும் ஒருமுறை, 4-ஆம் படியிலிருந்து.